இருபத்தெட்டு மடிப்பு

மாஃபெடெங் ஊரில் பேருந்துகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தகரக் கடை வரிசையில் மூன்றாவது கடை மாகரபோவுடையது. இருபத்தாறு வருடமாக அங்கே உட்கார்ந்து மடிப்புப் பாவாடை தைக்கிறாள். அந்த இருபத்தாறு வருடமும் அவளுக்கு எரிச்சல்தான்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஒரு மடிப்பு கோணிக்கொண்டால் ஊரே பார்க்கும். அத்தனையும் ஒன்றுபோல் விழுந்தால் ஒரு குருவிகூடத் திரும்பிப் பார்க்காது. துணி நல்ல துணி என்பார்கள், நீலம் நல்ல நீலம் என்பார்கள், உடுத்தியவளுக்கு வந்த யோகத்தைப் பேசுவார்கள். மடிப்பெல்லாம் எப்படி ஒரே அளவாக இருக்கிறது என்று இன்றுவரை ஒரு ஜென்மமும் வாயைத் திறந்ததில்லை. சாவதற்குள் ஒரே ஓர் ஆள் சொன்னால் போதும் என்று மாகரபோ ஏங்கினாள். அந்த ஏக்கத்தை வெளியே காட்டிக்கொள்ளக் கூச்சம். அதனால் வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுவாள்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் மாதினேயோ வந்தாள். மகனுக்குக் கல்யாணம். புகுந்த வீட்டுக்கு வரும் மருமகளுக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் நீலச் சீட்டித் துணியில் பாவாடை சட்டை உடுத்திவிட வேண்டும். மாதினேயோ கஞ்சி விறைப்பு மாறாத துணியைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். கூட வந்த மகள் தினேயோ துணியின் ஓரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்து, "உப்புக் கரிக்குது, அசல் துணிதான்" என்றாள். அடுத்த கடைக்காரியும் வந்து நக்கிப் பார்த்தாள்.

"நக்கினது போதும். பொண்ணோட இடுப்பு அளவு எங்க?" என்றாள் மாகரபோ.

"இதோ நிக்கிறாளே தினேயோ. இவளுக்கு எடு. அவளும் ஏறக்குறைய இவளப் போலத்தான்."

"ஏறக்குறைய வச்சு நான் எப்படித் தைப்பேன்? பொண்ணு வீட்டுல ஒரு வார்த்த கேக்கறது!"

"நல்லாருக்கு! எங்க பொண்ணக் கண்ணால பாக்காமத்தான் கேட்டீங்களான்னு சிரிப்பாங்க. மானம் போயிடும்."

"உன் மகன்கிட்டக் கேளு. அவன் பாத்திருப்பானில்ல?"

"கேட்டேனே. சாதாரண இடுப்புதாம்மான்னான்."

மாகரபோ தலையில் அடித்துக்கொண்டாள். தினேயோவின் இடுப்பு எண்பத்துநாலு சென்டிமீட்டர். வெளியே தெரிவது மூன்று சென்டிமீட்டராக இருபத்தெட்டு மடிப்பு; உள்ளே மடங்குவது அதைப்போல் இரண்டு பங்கு. அட்டையில் வெட்டிய அளவுகோலை வைத்து, சோப்புச் சில்லால் கோடு கோடாகக் குறித்து, ஒவ்வொன்றாக மடித்து, ஊசி குத்தி, பெரிய தையலாக ஓட்டி, தேய்ப்புப் பெட்டியால் அழுத்தினாள். மடிப்பின் விளிம்பிலெல்லாம் வெள்ளைப் புள்ளி வரிசை சரியாக வந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் வேலை.

மூன்றாம் நாள் மாதினேயோ வந்து நின்றாள். "பொண்ணு போட்டோ அனுப்பியிருக்கா. கொஞ்சம் ஒல்லியாத் தெரியறா. ஓரத்துல ரெண்டு மடிப்ப மட்டும் இழுத்துப் பிடிச்சிடேன்."

"ரெண்டு மடிப்ப இழுத்தா அந்த ரெண்டு மட்டும் எலி கடிச்ச மாதிரி நிக்கும். இருபத்தெட்டும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். எல்லாத்தையும் பிரிக்கணும், தெரியுதா?"

"பிரியேன். துணி மடிக்கறதுதான? என்னமோ வீடு கட்டற மாதிரி பேசற."

மாகரபோவுக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. பேசி என்ன பயன்? பிரித்தாள். மடிப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைத்து, புதிதாக அட்டை வெட்டி, மறுபடி இருபத்தெட்டையும் மடித்தாள். பகலுக்கு வைத்த களியும் கீரையும் ஆறிப் போயின.

வியாழக்கிழமை மாதினேயோ மறுபடியும் வந்தாள். இந்த முறை முகத்தில் கொஞ்சம் அசட்டுக் களை. "கோச்சுக்காத. போட்டோல பொண்ணு பக்கவாட்டுல திரும்பி நிக்குதாம். முன்ன இருந்த அளவே இருக்கட்டும்."

"அடச்சே! உனக்கு மருமக வர்றாளோ இல்லையோ, எனக்குக் காலன் வர்றான்!" என்று மாகரபோ போட்ட சத்தத்தில் வெளியே நின்ற டாக்சிக்காரன் எட்டிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து பிரித்தாள். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாவாடையைக் கொடுத்து அனுப்பினாள். இனி கல்யாணத் துணியே தொடுவதில்லை என்று அடுத்த கடைக்காரியிடம் சத்தியம் செய்தாள். கடைக்காரி சிரித்தாள், வருடத்துக்கு நாலு தடவை கேட்கும் சத்தியம் அது.

சனிக்கிழமை கல்யாண வீட்டில் கூட்டம் அலைமோதியது. மணப்பெண் திம்போவுக்குப் பெண்கள் நீலப் பாவாடையை உடுத்தி, தோளில் கம்பளியைப் போர்த்தி, குலவை விட்டார்கள். யார் செய்த புண்ணியமோ, இடுப்பு அச்சாகப் பொருந்தியது. ஆட்டை அறுத்து வரவேற்கும்வரை புதுப்பெண் வாய் திறக்கக் கூடாது, தலை நிமிரக் கூடாது. பாயில் கால் நீட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மாகரபோ கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்ன நீலம் பாரு!" என்றாள் ஒருத்தி.

"நான் தேர்ந்தெடுத்த துணியாச்சே" என்றாள் மாதினேயோ.

கிழவி ஒருத்தி பெண்ணின் பாவாடை ஓரத்தைத் தூக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, அசல்தான் என்று தலையாட்டினாள். அந்த ஓரத்துக்கு நாலு விரல் மேலேதான் இருபத்தெட்டு மடிப்பும் ஒழுங்காக அடுக்கி நின்றன. கிழவியின் கண் அங்கே போகவில்லை. மாகரபோவுக்கு அழுகை வராத குறை. மூன்று தடவை மடித்ததற்கு இது வேண்டியதுதான், கழுதைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் என்று மனசுக்குள் திட்டினாள்.

பட்டியில் ஆடு பிடிக்கிற சத்தம் கேட்டுப் பெண்களெல்லாம் வெளியே ஓடினார்கள். மாகரபோ உள்ளே போய்க் குத்துக்காலிட்டு, கசங்கிக் கிடந்த பாவாடை ஓரத்தை நீவிவிட்டாள். கை சும்மா இருந்து பழக்கமில்லை.

"இருபத்தெட்டு" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது.

மாகரபோ திடுக்கிட்டாள். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. "என்ன சொன்ன?"

"மடிப்பும்மா. காலைலேர்ந்து தலையக் குனிஞ்சிட்டு உக்காந்திருக்கேன், வேற எதப் பாக்கறது? ஏழு தடவ எண்ணிட்டேன். எல்லாம் ஒரே அளவு. பின்னாடி இருக்கறத விரல வச்சு வச்சுப் பாத்தேன். எப்படிம்மா வருது?"

இருபத்தாறு வருடம் காத்திருந்த வார்த்தை. மாகரபோ நீவிய ஓரத்தையே மறுபடி நீவினாள்.

"ஒண்ணத் தவிர" என்றாள் திம்போ.

"எது?"

"இடப்பக்கம் அஞ்சாவது. இத்தனூண்டு ஒல்லி."

"இருக்கவே இருக்காது!" மாகரபோ பையிலிருந்து டேப்பை உருவி வைத்துப் பார்த்தாள். இரண்டு மில்லிமீட்டர் குறைவு. மாதினேயோ ஒல்லியாக்கச் சொன்னபோது மடித்தது. வியாழக்கிழமை எல்லாவற்றையும் பிரித்தவள் இதை மட்டும் விட்டிருக்கிறாள். மாதினேயோ மேல், போட்டோ மேல், தன் கண் மேல், இந்தப் பெண் மேல் என்று எல்லார் மேலும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. அதோடு சேர்ந்து, சொல்ல வெட்கமாக இருந்தாலும், இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

"வெளிய சொல்ல மாட்டேம்மா" என்றாள் திம்போ. "நான் பேசவே கூடாதாமே."

"கூடாதுதான். உனக்கு இன்னும் ஆடு அறுக்கல, வாய மூடு" என்று அதட்டினாள் மாகரபோ.

பிறகு கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பாயில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எங்க, இன்னொரு தடவ எண்ணு. என் காதுல விழற மாதிரி எண்ணு."