இடது முன்சக்கரத்துக்கு முட்டி வலி

எங்கள் கார் மெக்கானிக்கைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி வரைக்கும், குண்டும் குழியுமான அந்த ரோடு முழுக்க, இடது முன்சக்கரப் பக்கமிருந்து ‘டொக், டொக்’ என்று யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே வரும். பல்லடம் ரோட்டு ஒர்க்‌ஷாப் பக்கம் போனதும் சமர்த்தாகிவிடும். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, “சத்தம் எங்கீங்க? எனக்கு ஒண்ணுங் கேக்கலீங்களே” என்பார். அவர்மேல் தப்பில்லை. அவர் கடைக்கு முன்னால் அப்போதுதான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள்.

என் கணவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. “பழைய வண்டி, நாலு சத்தம் வரத்தான் செய்யும். பாட்டக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்க” என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்படி விட முடியவில்லை. கம்பெனியில் என் வேலையே துணியில் குறை தேடுவதுதான். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். என் காரில் இருக்கும் குறை எனக்கே தெரியவில்லை என்றால் எப்படி?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் கன்டெய்னரில் சரக்கு ஏற்ற வேண்டுமென்று யூனிட்டுக்குப் போய்விட்டார். அவருடைய தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர்களின் முட்டியையும் தோளையும் மடக்கி நிமிர்த்திக்கொண்டிருப்பவள். கறிவேப்பிலை வாங்க என்று அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் பள்ளத்திலேயே கார் ‘டொக்’ என்றது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நங்கையா, இது என்ன சத்தம்?” என்றாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“அதத்தான் ரெண்டு மாசமாத் தேடிட்டு இருக்கறன் கண்ணு.”

“வண்டியத் திருப்புங்க. இன்னிக்குக் கண்டுபுடிச்சர்லாம்.”

கறிவேப்பிலையை மறந்தோம். திருமுருகன்பூண்டி தாண்டி, வண்டி அதிகம் வராத ஒரு மண்ரோட்டுக்குக் காரை விட்டேன். அவள் பின்சீட்டுக்குப் போய்த் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். “பின்னாடி இல்ல” என்று அங்கிருந்தே கத்தினாள். அப்புறம் முன்னால் வந்து, கால் வைக்கும் இடத்தில் தலையும் சீட்டின்மேல் காலுமாகத் தலைகீழாகக் கிடந்தாள். ஊர்க்காரர்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கிய ஒரு வேகத்தடை வந்தது. மெதுவாக ஏறி இறங்கினேன். சத்தமே இல்லை. அடுத்து ஒரு சின்னப் பள்ளம், இடது சக்கரம் மட்டும் இறங்கியது. ‘டொக்!’

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று எழுந்தாள். முகமெல்லாம் ரத்தம் இறங்கிச் சிவந்திருந்தது. “ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுனா சத்தம் இல்ல. ஒண்ணு மட்டும் இறங்குனாத்தான் வருது. கவனிச்சீங்களா?”

நான் கவனித்திருக்கவில்லை. இரண்டு மாதமாகத் தினமும் கேட்ட சத்தம்! மறுபடி ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடையில் அமைதி, பள்ளத்தில் டொக். அவள் சொன்னது சரி. ஏனோ எங்கள் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் அவள் இறங்கிவிட்டாள். நான் நடை வேகத்தில் ஓட்ட, இடது முன்சக்கரத்தை விட்டு ஓர் எட்டு தள்ளி, குனிந்து காதை நீட்டியபடி கூடவே ஓடிவந்தாள். துப்பட்டா காற்றில் பறந்தது. வழியில் ஒரு சிற்பப் பட்டறை. வெளியே பாதி செதுக்கிய நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், உளியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

“ஏனுங்க, ஏதாச்சும் உழுந்து போச்சுங்களா?” என்று கேட்டார் பெரியவர்.

“இல்லீங்க. சத்தம் தேடறமுங்க” என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், மூச்சு வாங்க நின்றவளையும் பார்த்தார். கொஞ்சமும் சிரிக்காமல், “எந்தப் பக்கமுங்க?” என்றார்.

என் நாத்தனார் காரை அவர்கள் பட்டறை முன்னால் சமதளத்தில் நிறுத்தச் சொன்னாள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முன்சக்கரத்தைத் திருப்பி வைத்தேன். டிக்கியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியைத் தரையில் விரித்து அதன்மேல் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

“முட்டில எங்க சத்தம் வருதுன்னு காதுல கேட்டாத் தெரியாது நங்கையா. ஒரு பக்கம் வந்த மாதிரி இருக்கும், இன்னொரு பக்கம் இருக்கும். கைய வெச்சுட்டு ஆட்டிப் பாக்கோணும். நீங்க வண்டிய ஆட்டுங்க.”

நான் ஆட்டினேன். கார் அசையவே இல்லை. சிற்பிகள் இருவரும் வந்து கதவுப் பக்கம் கை கொடுத்தார்கள். கல்லைத் தூக்கிப் புரட்டிப் பழகியவர்கள். கார் தொட்டில்போல் இடவலமாக ஆடத் தொடங்கியது. அவள் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். “இது இல்ல... இது இல்ல... இன்னும் ஆட்டுங்க...” திடீரென்று ஒரு கூவல்.

“வந்துருச்சு! நங்கையா, கையிலயே வந்துருச்சு!”

அவளை நகர்த்திவிட்டு நானும் கையை விட்டேன். விரல் தடிமனுக்கு ஒரு சின்ன இரும்புக் கம்பி, அதன் நுனியில் ஒரு மூட்டு. கார் ஆடும்போதெல்லாம் அந்த மூட்டு என் உள்ளங்கையில் ‘டொக்’ என்று குதித்தது. காதில் கேட்டதைவிடக் கையில் அது எவ்வளவு தெளிவாக இருந்தது! நான் சின்னக் குழந்தைபோல் “அய்யோ, ஆமா! ஆமா!” என்று கத்தினேன். அப்புறம் சிற்பிகளும் முறை வைத்துக் கையை விட்டுப் பார்த்தார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்துவிட்டு, “லூசுங்க” என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோர் கையிலும் கிரீஸ். எதற்காக இவ்வளவு சந்தோஷம் என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு பேரும் சிரித்துக்கொண்டே நின்றோம்.

அப்படியே நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினோம். மெக்கானிக் கடையைச் சாத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார். “இப்பச் சத்தம் வருதுங்களா?” என்று ஆரம்பித்தார். என் நாத்தனார் நோயாளியின் கையைப் பிடிப்பதுபோல் அவர் மணிக்கட்டைப் பிடித்து அந்த மூட்டின்மேல் வைத்தாள். நான் கடைப் பையன்கள் யாரையும் எதிர்பார்க்காமல் உடம்பு முழுவதையும் கதவில் சாய்த்து ஆட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அட, லிங்க் ராடுங்க! ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் புடிக்கற கம்பி இருக்குதுங்கள்ல, அதோட மூட்டு. தேஞ்சு போச்சு. இந்தத் தார் ரோட்டுல எனக்கு எப்புடிங்க கேக்கும்?” என்றவர், பாதி இறக்கியிருந்த ஷட்டரை மறுபடி தூக்கினார். புதுப் பாகம் அவரிடமே இருந்தது. மாட்டி முடித்ததும், “நானும் வர்றனுங்க” என்று தானே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பழைய மண்ரோட்டுக்கே போனோம். முதல் பள்ளம் நெருங்கியபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சக்கரம் இறங்கியது, ஏறியது. டயர் மண்ணை அரைக்கும் சத்தம் மட்டும்தான். பின்சீட்டில் என் நாத்தனார் கைதட்டினாள். அடுத்த பள்ளத்தை நானே தேடிப் போய் இறக்கினேன். அதற்கடுத்ததையும். மெக்கானிக், “அந்தப் பெரிய குழியிலயும் உடுங்க பாக்கலாம்” என்று உற்சாகமாகக் கை காட்டினார்.

மறு வாரம் தாராபுரத்திலிருந்து மாமனாரின் தம்பி ஃபோன் செய்தார். அவருடைய வண்டியில் பின்பக்கம் கீச் கீச் என்கிறதாம், மருமகள் என்னையும் அண்ணன் பொண்ணு இவளையும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னார். என் நாத்தனார் அன்றைக்கிருந்த வேலைகளைத் தள்ளிவைத்தாள். நான் டிக்கியில் பனியன் வேஸ்ட் துணியை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டேன்.