விளக்கு வைத்த பிறகு தொடாத செடிகள்

என் கையெழுத்து கோட்டுக்குள் நிற்காது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் இன்னும் தடுமாறுவேன். தப்பு இருந்தால் படிப்பவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என் செடிப் பைகளில் ஏன் சேலைத்துணி கட்டியிருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தின் நாற்றுப் பண்ணையில் வேலை செய்தேன். பண்ணையை மூடிவிட்டார்கள். பையில் மண் நிரப்பி நாற்று வளர்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை, வெற்றிலை, கற்பூரவள்ளி, மல்லிகை போட்டேன். கொஞ்சம் மிளகாயும் வெண்டையும் இருந்தன. காலைச் சந்தையில் இடம் காலியில்லை. டவுனில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஒரு தாமான் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் பாசார் மாலாம் போடுவார்கள். அந்த இரவுச் சந்தையின் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது.

சந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு மலாய்க்காரர். வியாபாரம் ஓடாவிட்டால் இரண்டு மாதத்தில் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதல் நாளே சொன்னார். கைப்பேசி உறை விற்கும் ஒருவர் அந்த இடத்துக்குக் காத்திருந்தார். எனக்கு வேறு இடம் இல்லை. அதை விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் எனக்குக் கூவி விற்க வராது. யாராவது முகத்தைப் பார்த்தால் நான் செடியைப் பார்ப்பேன். பெண்கள் ஏழு மணிக்கு மேல்தான் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள், “நல்லாருக்குண்ணே” என்றார்கள், போய்விட்டார்கள். மிளகாயும் வெண்டையும் தீர்ந்தன. செடிகள் ஒன்றுவிடாமல் வேனில் ஏறி வீட்டுக்கு வந்தன. அடுத்த வாரமும் அப்படியே.

பக்கத்தில் கச்சான் கடலை வறுத்து விற்கும் அக்கா ஒருத்தர். சும்மா இருக்க மாட்டார்.

“என்னாண்ணே, செடிங்களுக்குப் பாசார் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வர்றீங்களா?”

நான் சிரித்துவைத்தேன்.

மூன்றாவது வாரம் கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைச் சட்டையோடு ஒரு பெண் வந்தாள். ஒரு கறிவேப்பிலைக் கன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இது எனக்கு வேணும். ஆனா வெளக்கு வச்சாச்சுலா. இந்நேரத்துல செடியக் கொண்டு போனா எங்கம்மா ஏசுவாங்க. அது தூங்குதாம்.”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டிலும் அதே வழக்கம்தான். பொழுது சாய்ந்தால் ஒரு கொத்து இலைகூட ஒடிக்க மாட்டோம். சாம்பாருக்கு வேண்டியதை என் மனைவி மாலையிலேயே பறித்துவைத்துவிடுவாள். இருட்டில் புது வீட்டுக்குப் போகும் செடி வேர் பிடிக்காது என்பாள். இவ்வளவும் தெரிந்த நான், நம் பெண்களிடம் செடி விற்க இரவுச் சந்தைக்கு வந்திருக்கிறேன்!

அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். எங்கிருந்து வந்ததோ, வாய் திறந்துவிட்டது.

“நாளைக்குக் காலையில இதே எடத்துக்குக் கொண்டாறேன். இப்ப எதுன்னு கையக் காட்டும்மா, போதும்.”

காட்டினாள். பெயர் கேட்க வெட்கம். வெயிலுக்குச் செடிகள்மேல் போர்த்தும் மனைவியின் பழைய சேலைகள் வேனில் கிடந்தன. ஒன்றின் சிவப்புக் கரையைக் கிழித்து, இலையைத் தொடாமல் பையின் கழுத்தில் கட்டினேன்.

“ஐயோ, அண்ணன் செடிக்குத் தாலியே கட்டிட்டாரு!” என்று அக்கா கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் கூட்டம் கூடியது. அன்று இன்னும் சிலர் கை காட்டினார்கள். ஆளுக்கொரு நிறத்தில் துணி.

ஞாயிறு காலை அந்த இடம் வெறும் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. நேற்றைய குப்பையும் இரண்டு பூனைகளும் நானும்தான். முன்பணம் யாரிடமும் வாங்கவில்லை. வராமல் போனால் கேட்க வழியில்லை. வெயில் பைமேல் விழும்வரை நிற்போம் என்று நின்றேன். அந்தத் தொழிற்சாலைப் பெண் அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தாள். நேராகச் சிவப்புத் துணியிடம் போனாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஆள் கூடியது.

சந்தைக்காரருக்கு இது தெரியாது. சனி இரவு வேன் நிறையச் செடிகள் திரும்பிப் போவதை மட்டும் அவர் பார்த்திருக்கிறார். இரண்டு மாதம் முடிந்ததும் கைப்பேசி உறைக்காரரையே கூட்டி வந்துவிட்டார். அந்த ஆள் என் கண்முன்னே இடத்தைக் காலால் அளந்தார்.

நான் நகரவில்லை. தெரிந்த மலாயில் சொன்னேன், இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன், செடி இப்போது தூங்குகிறது, நாளைக் காலையில் வந்து பாருங்கள் என்று.

“போக்கோக் பூன் தீடோர்?” என்று சிரித்தார். செடிகூடத் தூங்குமா என்கிறார்.

“பெத்துல் பாங், உண்மைதான்!” என்று அக்கா கச்சான் சட்டியைத் தட்டிக்கொண்டே எனக்காகப் பேசினார்.

காலையில் வந்தார். கைகட்டி ஓரமாக நின்றார். பெண்கள் வந்து அவரவர் துணியைத் தேடி எடுத்துப் போவதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு வண்டியேறிப் போய்விட்டார். இடம் உண்டா இல்லையா என்று அந்த வாரம் முழுக்க எனக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை வேனில் வழக்கத்தைவிட அதிகமாகவே ஏற்றினேன்.

உறைக்காரர் வேறு வரிசையில் கடை போட்டிருந்தார். இருட்டிய பிறகு சந்தைக்காரர் வந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்தார். ஒரு கறிவேப்பிலைக் கன்றை முகவாயால் காட்டினார்.

“இது. நாளைக் காலையில்” என்றார் மலாயில்.

பச்சைத் துணி கட்டினேன். இன்று காலை வந்து வாங்கிப் போனார்.

செடிகள் எல்லாம் போன பிறகு, வேனுக்குள் உட்கார்ந்து எழுதியது. மார்கழி கடைசி ஞாயிறு.