டிரசர் வேலாயுதத்தின் தாடையெலும்பு

1. செய்தி வந்த விதம்.
2. டிரசர் வேலாயுதம் அவர்கள் நம்பியது.
3. அவர் கண்டெடுத்த எலும்பு, தம்பியின் அறியாமையால் ஆற்றோடு போனது.

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. பொறுத்தருள வேண்டும்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவர் ஈப்போவில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "டிரசர் ஐயா போயிட்டாருங்க. காச்சல்" என்றார். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து, தோட்டத்துக்கே காய்ச்சல் மருந்து கொடுத்தவர் அவர். நான் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன்.

மங்கோலியப் பாலைவனத்தில், டைனோசர் என்னும் ராட்சதப் பல்லிகள் புதைந்த பாறைகளிலேயே எலியளவுப் பாலூட்டிகளின் மண்டையோடுகளும் கிடைத்ததாகப் பத்திரிகையில் வந்தது. நாங்கள் இருவரும் தோட்டத்தில் வேலையில் இருந்த காலம் அது; டிரசர் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, பல்லி காலடியில நம்ம பாட்டன் எலியா ஒளிஞ்சு பொழச்சிருக்கான். தொரை வந்தா நாம இப்பவும் அப்படித்தானே?"

"மெதுவாப் பேசுங்க, தொரை காதுல விழும்" என்றேன்.

பிறகு தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு சுண்ணாம்புக் குகையில், அரிசியிலும் சிறிய பற்களோடு ஒரு தாடையெலும்பைக் கண்டெடுத்தார். அது அக்காலத்துப் பாலூட்டியுடையதாக இருக்குமென்று நம்பினார். அருங்காட்சியகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். தவறாகிவிட்டால் வெள்ளைக்காரர் சிரிப்பாரே என்று நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

"அவசரமில்லண்ணே. இத்தனை காலம் மண்ணுல கெடந்தது, உங்க கடுதாசிக்குக் காத்திருக்காதா?"

ஐந்தாவது நகல் என் மேசையில் இருக்கிறது.

தகனத்துக்கு மறுநாள் எலும்பு பொறுக்கி, கலயத்தோடு ஆற்றங்கரைக்குப் போனோம். டிரசரின் தம்பி சின்னையா, அண்ணனின் பெட்டியில் கிடைத்த தீப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த தாடையெலும்பையும் கலயத்தில் போட்டார். "எலும்ப வீட்டுல வச்சிருக்கக் கூடாதுலா" என்றார். ஈயச் சுரங்கச் சேறு கலந்து பழுப்பாக ஓடிய தண்ணீரில் கலயம் சாய்ந்து முழுகியது.

மூன்றாவது குறிப்பு தவறு. போடுவதற்கு முன் அவர் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க படிச்சவரு. இது முக்கியமானதா?"

"நிச்சயமாத் தெரியலயே" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்து நின்றார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"அப்ப அண்ணனோடயே போவட்டும்."

அறியாமை அவருடையதன்று, டிரசர் ஐயா. போய் வாருங்கள்.