மாப்பிள்ளையைச் சுற்றிய பூனைகள்

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப் போட்டு முடி சுரண்டுவார். அம்மா இறந்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்டது அக்கா. இளைய மகள் நான், மாட்டுங்காவில் ஒரு தையல் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன், பேண்ட்டுகளுக்குக் கீழ்மடிப்பு தைப்பேன்.

அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை செம்பூரில் இருந்தான். ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் கிறிஸ்தவ சபைதான், ஊரும் திருநெல்வேலிப் பக்கம்தான். சபைக் கோவிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பது மட்டும் பாக்கி இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அக்கா விடியற்காலையிலேயே எழுந்து கோழிக்குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய் சாப்பிடுவான், கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பான். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அப்பா சிரித்த முகத்தோடு அவன் அருகில் போனார்.

"மாப்ள, ஓலை வாசிக்கப் பாதிரி அய்யருகிட்ட எப்பச் சொல்லட்டும்?"

"அதெல்லாம் சரிப்படாதுய்யா. உங்க வீட்டுல தின்ன சோறு இன்னும் தொண்டையிலயே நிக்கி. பொண்ணு தலைமுடியிலகூட தோல் நாத்தம். எந்த சோப்பு போட்டாலும் அது போவாது."

அவன் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றாள். என் தோளைப் பிடித்திருந்த அவள் கை நழுவியது.

அப்பாவுக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் சேர்ந்து அதைக் கொன்றுவிட்டன. தன்மேல் என்ன வாடை என்பது தெருநாய்களைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். வேலை முடிந்து வரும்போது அவை பின்னாலேயே வந்து, அவர் வேட்டி நுனியை முகர்ந்து, அவர் நின்ற இடத்தையும் முகர்ந்துவிட்டுப் போகும். முன்பெல்லாம் அவற்றோடு பேசிக்கொண்டே வருவார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு கல்லெடுத்து விரட்ட ஆரம்பித்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் சாக்கடை ஓரம் தட்டோடு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. நம்ம மேல அப்படியா நாறுது?"

"இல்லப்பா."

"பொய் சொல்லுத."

அக்கா குளித்துக்கொண்டே இருந்தாள். எலுமிச்சம்பழத்தோலும் சோப்பும் போட்டு, தேங்காய் நாரால் கையைத் தேய்த்தாள். தோல் சிவந்து, தடித்து, புண்ணாகியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தை நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டே துணிக்குள் ஊசியை இறக்குவேன்.

அவள் கைக்குப் போடத்தான் குப்பைமேனி பறிக்கப் போனேன். ரயில் பாதை ஓரம் எங்கே பார்த்தாலும் அந்தச் செடி கிடக்கும். இலையை உப்போடு அரைத்துப் போட்டால் சொறி, தடிப்பு அடங்கும். அவசரத்தில் வேரோடு பிடுங்கி வந்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் தெருப் பூனை ஒன்று அதன்மேல் புரண்டுகொண்டிருந்தது. வேரைக் கன்னத்தில் தேய்த்தது, கடித்தது, எச்சில் ஒழுக மல்லாந்து கிடந்தது. அடுத்த நிமிஷம் கூரையிலிருந்து இன்னொன்று குதித்தது. பிறகு காது கிழிந்த கடுவன் பூனை ஒன்று வந்து, வேருக்கு மேலே மூக்கை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. பூனைக்கு மேலண்ணத்தில் முகர்வதற்கு இன்னொரு உறுப்பு இருக்கிறது, அதற்குக் காற்றை அனுப்பத்தான் அப்படி வாயைத் திறக்கிறது என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்று எனக்கு அது தெரியாது. வேரை எடுத்து நானும் முகர்ந்து பார்த்தேன். மண் வாசனைதான் வந்தது.

மனுஷ மூக்குக்குத் தெரியாத வாசனை. இது போதும் என்று தோன்றியது.

அதன் பிறகு செடியைப் பலவிதமாகச் சோதித்தேன். இலையை மட்டும் போட்டால் பூனைகள் கண்டுகொள்ளவில்லை. காய்ந்த வேரை ஒரு தடவை முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. அன்று பிடுங்கிய வேரை நசுக்கி வைத்தால்தான் அந்த வெறி வந்தது; துணிக்குள் பொதிந்து வைத்தால் காலையில் பிடுங்கியது சாயங்காலம்வரை தாங்கியது. அதுவும் கொஞ்ச நேரம்தான். ஆடி முடித்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி எழுந்து போய்விடும். சில பூனைகளை வேர் ஒன்றுமே செய்யவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கடையின் முன்பக்கத்தில் அவன் குரல் கேட்டது. கல்யாணத்துக்குக் கோட்டும் பேண்ட்டும் தைக்கக் கொடுக்க வந்திருந்தான். பெண் கோவண்டிப் பக்கத்துக்காரி என்று கேள்விப்பட்டிருந்தேன். திரைக்குப் பின்னால் நான் இருப்பது அவனுக்குத் தெரியாது. மாஸ்டர் அளவெடுக்கும்போது சொன்னான்: "சாப் கப்டா மாங்தா மாஸ்டர், கோயி பாஸ் நஹி ஆனா சாஹியே." துணி சுத்தமாக இருக்க வேண்டுமாம், ஒரு வாடையும் அடிக்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

கடையில் வேலை நெருக்கடி. மாஸ்டர் கோட்டை முடித்துவிட்டார். பேண்ட்டின் கீழ்மடிப்பு மட்டும் கல்யாணத்தன்று காலையில்தான் என் கைக்கு வந்தது. நான் விடிந்ததும் பாதை ஓரம் போய் வேர் பிடுங்கி, கழுவி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். வேரை நார்நாராகக் கிழித்து, கறை படாமல் இருக்க மெல்லிய துணியில் ஒற்றி, இரண்டு கால் மடிப்புக்குள்ளும் சுற்றிலும் வைத்துத் தைத்தேன். இஸ்திரி போடும்போது அந்தப் பக்கம் பெட்டியை வைக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு மடிப்பு நான் தைத்ததில்லை.

சபை முழுவதற்கும் அழைப்பு இருந்ததால் சாயங்காலம் கல்யாணத்துக்குப் போனேன். அக்கா வரவில்லை. அப்பா வந்தார், ஓரமாக நின்றார். கோவிலுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. விருந்து கோவில் வளாகத்துப் பந்தலில். சமையல் கொட்டகையைச் சுற்றி மீனுக்கும் எலும்புக்கும் காத்துக் கிடந்த பூனைகள் ஏராளம்.

முதலில் ஒரு சாம்பல் பூனை மேடைக்கு ஏறியது. அவன் காலில் முகத்தைத் தேய்த்தது. எல்லோரும் பார்த்துப் புன்னகைத்தார்கள். இரண்டாவது பூனை மடிப்பைக் கவ்வி இழுத்தது. பிறகு எங்கிருந்தெல்லாமோ வந்தன. ஒன்று அவன் பூட்ஸ்மேல் மல்லாந்தது. இரண்டு கடுவன்கள் அவன் கால்களுக்கு நடுவே சண்டை போட்டன.

"மாப்ள மேல மீன் நாத்தமோ?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார். சிரிப்பு பரவியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைச் சுற்றிக் குதித்தார்கள்.

"குளிச்சிட்டுத்தான் வந்தேன்! நல்லாக் குளிச்சேன்!" என்று அவன் கத்தினான்.

தன் கோட்டுக் கையை முகர்ந்து பார்த்தான். கக்கத்தை முகர்ந்தான். குனிந்து முழங்காலை முகர்ந்தான். மேடையில், எல்லோர் முன்னாலும். அதைத்தான் நான் பார்க்க வந்தேன். பிறகு காலை உதறிச் சாம்பல் பூனையை எட்டி உதைத்தான். அது அவன் கணுக்காலைப் பிறாண்டிவிட்டு ஓடியது. மணப்பெண் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். உதைத்ததற்காகவா, வாடை பயத்திலா, எனக்குத் தெரியாது. அவளுக்காகக் கொஞ்சம் வருந்தினேன், அவனுக்காக வருந்தவில்லை.

கடைசியில் உள்ளே போய் யாருடைய வேட்டியையோ கட்டிக்கொண்டு வந்தான். கழற்றிப் போட்ட பேண்ட்டின்மேல் பூனைகள் புரண்டுகொண்டிருந்ததாகச் சமையல்காரர் வந்து சொன்னார். மறுபடியும் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு பந்தலின் நடுவில் போய் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீயாட்டி செஞ்ச?"

"ஆமா."

என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள்: "அவன் எத மோந்து பாத்தான்னு சொன்ன?"

"கக்கத்த."

"மறுபடியும் முதல்ல இருந்து சொல்லு. ஒண்ணுவிடாமச் சொல்லு."

சொன்னேன். நெல்லும் கல்லும் முறத்திலேயே கிடந்தன.

சபையில் அவனுக்குப் பூனை மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது. பிள்ளைகள் அவனைக் கண்டால் மியாவ் என்றார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் உல்லாஸ்நகருக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். அங்கேயும் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.