கைராசிக்காரர்

கழுத்தில் தைராய்டு கட்டி என்றால் அந்தப் பெரிய டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று காரைக்குடியே சொன்னது. கைராசிக்காரராம். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நம்பிக்கையோடு கழுத்தை நீட்டியதில்லை.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

நான் தமிழ் ஆசிரியை. செய்யுளை ராகம் போட்டு நடத்தினால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். இப்போது இடுப்பில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, வாயருகே மைக்கோடு, பழவண்டிக்காரர் மாதிரி வகுப்பில் நிற்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் குசுகுசு டீச்சர்.

குரல் ஏன் வரவில்லை என்று கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கத்தியைப் பிடித்தது பெரிய டாக்டர் இல்லை; அவரிடம் தொழில் பழக வந்திருந்த இளம் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பில் கத்தி பட்டுவிட்டதாம். பெரியவர் பக்கத்தில்தான் நின்றாராம்.

“அவரும் கத்துக்கிட வேணாமா டீச்சர்? நீங்களும் சொல்லிக் குடுக்குறவுகதானே?” என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளைகள் றகரத்துக்கு ரகரம் எழுதினால் யாருக்கும் தொண்டை போவதில்லை. யாராவது ஒருவர் கழுத்தில்தான் பழக வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் முன்னாலேயே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்போது குரல் இருந்தது, பதில் சொல்லியிருப்பேன்.

அந்த இளம் டாக்டர் இப்போது இதே ஊரில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். கூட்டம் நெரிகிறது. அவரும் கைராசிக்காரர் ஆகிவிட்டார்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஸ்கேன் படத்தோடு வந்தார். அவருக்கும் கழுத்தில் கட்டி. கொத்தமங்கலத்துப் பெண், என்னை விட இளையவர், வகுப்பில் கத்திப் பிழைப்பவர்.

“அக்கா, அந்தப் புது ஆஸ்பத்திரி டாக்டருகிட்டப் போகலாமா? ஒங்களைக் கேக்காம முடிவெடுக்கப் பயமா இருக்கு.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் எனக்குப் பின்னால் அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை நான் பார்க்கிறேன். சந்தையில் நின்று கணீரென்று சண்டை போடுகிறார்கள். பொய் சொல்லி இவர் கழுத்தை வேறு யாரிடமோ அனுப்ப மனம் வரவில்லை.

“போங்க. இப்ப நல்லாச் செய்யுறாரு,” என்றேன்.

கணக்கு டீச்சர் காதை என் வாயருகே கொண்டுவந்தார். “என்ன சொன்னீக அக்கா? ஒண்ணும் கேக்கல.”

அவர் நன்றாகச் செய்கிறார் என்பதை நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.