பழனி லாட்ஜில் கிடைத்த பேஸ் கிட்டார்

மெல்லிசைக் குழுவில் பாடகருக்கு மாலை, கீபோர்டுக்காரருக்கு சோடா, பேஸ் கிட்டார்காரனுக்கு வேனிலிருந்து பெட்டி இறக்கும் வேலை. எந்தத் தொழிலிலும் பின்வரிசையில் நிற்கும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். திண்டுக்கல்லைச் சுற்றி நான் வாசிக்காத திருவிழா இல்லை. என் வாசிப்பைக் கேட்டதாகச் சொன்னவரும் இல்லை.

குஜிலியம்பாறையில் ஒரு ஆறுதல்

தொண்ணூறுகளில் ஒரு கோயில் விழா. கச்சேரி முடிந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கமிட்டிப் பெரியவர் ஒருவர் என் கிட்டாரையும், லீட் கிட்டார் வாசிக்கும் டேவிட்டின் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். அடியில் ஓடும் கனத்த ஒலிக்கு நாலு கம்பி போதும் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் தோளில் தட்டினார்.

“விடுங்க தம்பி. அவரு ஆறு கம்பி வரைக்கும் வந்துட்டாரு. நீங்களும் போகப் போக வந்துருவீக.”

இடது கை

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் குழுத் தலைவர் ஆரோக்கியம் அண்ணன் புதுக் கீபோர்டு வாங்கினார். அதிலேயே பேஸ் ஒலியும் இருந்தது. வலது கையில் பாட்டு, இடது கையில் என் பிழைப்பு. ஒத்திகையில் வாசித்துக் காட்டினார். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். இனி நான் வரணுமா என்று கேட்டே விட்டேன்.

“ஒன்னைய வேணாம்னு யாருப்பா சொன்னா? எனக்கு இடது கை சும்மாதான கெடந்துச்சு.”

நாற்பதாவது பிறந்தநாள்

பழனியில் ஒரு லாட்ஜில் பழைய ஜப்பான் பேஸ் கிட்டார் இருப்பதாக டேவிட் சொன்னது அதே வாரம்தான். பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொள்ளப் போவதாக மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னேன். சட்டை எடுத்துத் தரலாம் என்றிருந்தவள் அந்தப் பணத்தை எடுத்து நீட்டினாள்.

“வேலை போற நேரமாப் பாத்து ஆயுதம் வாங்குறீக. சரி, போயி வாங்கிட்டு வாங்க.”

ஆணியில் தொங்கியது

எப்போதோ தங்கிய குழுக்காரர் விட்டுப்போனதாம். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. விரல் பட்டுப் பட்டு மரத்தின் நிறமே போயிருந்தது. எனக்கு முன்னால் ஒருத்தன் இதைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்றிருக்கிறான் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. ஒலிபெருக்கியோடு வயர் மாட்டாமல் இதில் சத்தம் வராது. மரத்தில் காதை வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். அப்படியொரு சந்தோஷம். லாட்ஜ்காரர் கவலையோடு கேட்டார்.

“ஏனுங்க, சத்தம் வராட்டியும் பரவால்லீங்களா?”

தாடிக்கொம்பு வரவேற்பு

அதன்பின் ரொம்ப நாளாகக் கூப்பிடாத ஆரோக்கியம் அண்ணன் ஒருநாள் வீடு தேடி வந்தார். தாடிக்கொம்பில் கல்யாண வரவேற்பு. மேடையில் எட்டுப் பேர் இருக்கணும் என்று பெண்வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். நான் வந்து நின்றால் போதும், வயர் மாட்ட வேண்டாம். ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிட்டாரை மேடை ஏற்றாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

போனேன். சும்மா நிற்க முடியவில்லை. ஒரு பாட்டு விடாமல், வயிற்றோடு அணைத்துக்கொண்டு எனக்காக வாசித்தேன். முடிந்ததும் பெண்ணின் அப்பா நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் பக்கத்திலேயே நின்றார்.

“இன்னைக்கு ஒங்க கிட்டாரு ஒண்ணுதான் கணீர்னு கேட்டுச்சு. சின்னவ கல்யாணத்துக்கும் நீங்க வந்தாத்தான் கச்சேரி.”

அண்ணன் அன்றே என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆனால் இத்தனை காலத்தில் கிடைத்த முதல் பாராட்டு சத்தமே வராத கச்சேரிக்குத்தான் என்பதால், இப்போதெல்லாம் வயர் மாட்டத்தான் பயமாக இருக்கிறது.