பைப்பும் பங்குக் கிணறும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஊருக்கே தெரியும். அதனால்தான் என் வயல் வெடித்துக் கிடந்ததைப் பார்த்தும் யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை.

அந்தியூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். கிணறு எங்களுக்கும் என் வீட்டுக்காரரின் தம்பிக்கும் பங்கு. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் கொழுந்தனார் முறை. வாய்க்கால் தண்ணீர் பாதியிலேயே நின்றுவிட, இரண்டு வயல் நெல்லும் அந்தக் கிணற்றை நம்பி நின்றது.

நான் அந்த வருஷம் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, இடைவெளி விட்டு நட்டிருந்தேன். சுற்றிலும் துளை போட்ட பைப் ஒன்றை வயலில் புதைத்திருந்தேன். மேலே மண் காய்ந்தாலும் பைப்புக்குள் ஒரு சாண் ஆழத்தில் தண்ணீர் தெரிந்தால் பயிருக்குப் போதும். அதற்கும் கீழே போனால்தான் மோட்டார். கொழுந்தனார் எனக்கு முன்பே பழைய முறையில் நட்டவர். அவர் பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்காகவே என் முறை நாளில் மோட்டார் போடாமல் கிணற்றில் தண்ணீரை விட்டுவைத்தேன். சொல்லவில்லை. "ரெண்டு பேரு நெல்லுக்கும் கெணறு தாங்காது, இந்த வருசம் உங்களுக்கு நெல்லு வேண்டாமுங்க நங்கையா" என்று என் நடவுக்கு முன்னால் அவர் அண்ணியான என்னிடம் சொன்னதில் பேச்சு முறிந்திருந்தது. எதிரில் பார்த்தால் "வாங்க", "சாப்பிட்டீங்களா", அவ்வளவுதான்.

சென்னிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். நேராக வயலுக்குப் போனேன். பைப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கிணற்றுக்கு ஓடினேன். அடியில் சேறு. வரப்புக்கு அந்தப் பக்கம், கீழ் வயலில், கொழுந்தனாரின் பயிர் கதிர் எட்டிப்பார்க்கும் நேரத்தில் இலை சுருண்டு நின்றது.

அவர் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, யாருங்க எங்க வயலுக்குத் தண்ணி உட்டது?"

"நான்தானுங்க. உங்க முறையிலயும் நீங்க மோட்டாரு போடல. வயலு வெடிச்சுக் கெடக்குது. எம்மேல இருக்கற கோவத்துல பயிரக் காயப் போடறீங்கன்னு நெனச்சேனுங்க. மனசு கேக்கல. எம்முறைத் தண்ணியயும் திருப்பி உட்டுட்டேன். எனக்கு அடுத்த முறைக்குள்ள ஊறீரும்னு பாத்தேன். கெணறு ஏமாத்திப்போட்டுதுங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பை வெட்ட இறங்கினேன்.

"வேண்டாமுங்க நங்கையா! உங்க பயிரு போயிருமுங்க!" என்று கையை நீட்டித் தடுத்தார்.

"என்னுது கதிருக்கு வர நாள் கெடக்குது. தள்ளுங்க."

வெட்டினேன். என் மேட்டு வயல் தண்ணீர் அவர் வயலுக்குள் இறங்கியது. காய்ந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது. முதல் பாதி நனைந்து, தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேர் பயிரையும் நானே முடித்துவிட்டேனோ? இன்னும் ஆழமாக வெட்டினேன். அவரும் இறங்கித் தன் வயலில் வழி கீறிவிட்டார். பொழுது சாயும்போது கடைசி மூலையில் மண் கறுத்தது.

என் வயலில் சேறுதான் மிச்சம். பைப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். உள்ளே, மண்ணுக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் மினுங்கியது.

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே."

"நீங்க கேட்டிருக்கலாமுங்களே."

மறுநாள் எங்கள் முறை. கிணற்றில் ஊற்று கொஞ்சம் கசிந்திருந்தது. அவர் வயலுக்கே பாய்ச்சச் சொல்லி மோட்டார் ரூம் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டவர் உடனே மோட்டாரைப் போடவில்லை. நேராக என் வயலில் இறங்கி, குனிந்து பைப்புக்குள் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.